பல் பிடுங்குமுன் ஒரு ஞாயிறு

ஜூலை 29, செவ்வாய்

காலையில் மழை வருகிற மாதிரி வந்து ஏமாற்றியது. புழுக்கம். என் ரிப்பேர் கடையில் செப்புக் கம்பிக் காயில் கட்ட இரண்டு மோட்டார், ஒரு மிக்ஸி.

இன்று அடி வாங்கினேன். வேறு யாரிடமும் சொல்ல முடியாது, அதனால் இங்கே. காதில் இயர்போன், ஒரு கை மோட்டார் மேல், கண்ணை மூடிக்கொண்டு பழைய பேஸ் கித்தார் லைன் ஒன்றை வாயால் வாசித்துக்கொண்டிருந்தேன். ஃபங்க் மாதிரித் துள்ளல் தாளம் வாசித்தால் எனக்கு முகம் கோணும், தோள் வெட்டும். இருபது வயதில் அது ஸ்டைல். ஐம்பத்து மூன்றில், ரிப்பேருக்குக் கொடுத்த மிக்ஸியை வாங்க வந்த ஒரு அம்மாவுக்கு நான் கரண்டில் ஒட்டிக்கொண்டதாகத் தெரிந்திருக்கிறது. வாசலில் இருந்த ஒட்டடைக் கம்பை எடுத்து முதுகில் இரண்டு வைத்தார். தொடக்கூடாது, கட்டையால் அடிக்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருக்கிறார். நல்ல மனசு.

"செத்துட்டன்னு நெனச்சிட்டேன்பா."

"கரண்டு இல்லம்மா, பாட்டு. பாடிக்கினு இருந்தேன்."

"இதுவா பாட்டு?"

திடீரென்று பாட்டு வந்ததற்குக் காரணம் பஷீர். நேற்று ராத்திரி போன் செய்தான். சேகர் வருகிறானாம். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து வாசித்துக் கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. பஷீர் டிரம்ஸ், சேகர் சாக்ஸபோன், நான் பேஸ். சேகர் கப்பலில் வாசிக்கப் போனான், பிறகு ஷார்ஜாவில் ஹோட்டல். பஷீர் மெத்தைக் கடை. நான் இந்தக் கடை.

இப்போது வருவது பாட்டுக்காக இல்லை. பல்லுக்காக. ஈறு கெட்டு மேல் வரிசை முன் பல் எல்லாம் ஆடுகிறதாம். பஷீரின் மருமகள் பல் டாக்டர், அவளுக்கு எக்ஸ்ரேயைப் போனில் அனுப்பியிருக்கிறான். திங்கட்கிழமை பிடுங்க வேண்டும். சாக்ஸபோனில் வாய் வைத்து ஊதுகிற மவுத்பீஸைப் பிடித்து நிறுத்துவதே மேல் பல்தான். பிடுங்கின பிறகு ஊத வருமோ வராதோ. அதனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை.

வாங்க: பேஸ் கம்பி ஒரு செட், ஈயம், கேழ்வரகு மாவு (வீட்டுக்காரி சுமதி கூழுக்குக் கேட்டது. மறந்தால் என்னையே காய்ச்சி ஊற்றிவிடுவாள்).

ஜூலை 31, வியாழன்

வெயில். பஸ் ஸ்டாண்டுக்கு நானும் பஷீரும். எனக்குச் சேகரை அடையாளம் தெரியவில்லை. இளைத்துப்போய், மீசைக்கு மட்டும் டை அடித்து. அவனுக்கு என்னைத் தெரிந்தது.

"மொதல்ல வயிறு வந்துச்சி. அப்பறம்தான்டா நீ வந்த."

சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிறான். அந்தக் காலத்தில் அவன் சிரித்தால் மைக் இல்லாமலே கடைசிப் பந்தி வரைக்கும் கேட்கும்.

டீக்கடையில் விஷயம் வெளியே வந்தது. ஷார்ஜாவிலிருந்து வந்து இரண்டு வருடம் ஆகிறதாம். மேடவாக்கத்தில் மகள் வீட்டில்தான் இருக்கிறானாம். மேடவாக்கம். பஸ் ஏறினால் ஒரு தூக்கம் தூங்கி எழுவதற்குள் எங்கள் காஞ்சிபுரம்.

"ரெண்டு வருசமாவாடா?" என்றேன்.

"அங்க ஹோட்டல்ல இனிமே வேணாம்னு அனுப்பிட்டாங்க மச்சான். அதுக்கப்பறம் யாரும் கூப்பிடல. ஊதலன்னா எனக்கு இங்க என்னா வேலை?"

பஷீர் விடவில்லை. "பஞ்சு அடிக்க ஆள் கெடைக்கல. வந்திருந்தா சம்பளம் போட்டுக் குடுத்திருப்பேன்."

மூன்று பேரும் சிரித்தோம். நானும்தான். வீட்டுக்கு வந்த பிறகும் 'ஊதலன்னா எனக்கு இங்க என்னா வேலை' காதிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

சுமதி: "ஏன் சாப்பாட்ட அப்பிடியே வெச்சிட்ட?" டீக்கடையில் நாலு வடை என்றேன். பாதி உண்மை. இரண்டு.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஆடி வெள்ளி. தெருவுக்குத் தெரு அம்மன் கோயில் ஸ்பீக்கர். பஷீர் ஜும்மா தொழுகை முடித்து வந்தான். அவன் பஞ்சு குடோனில் ஒத்திகை. நாலு பக்கமும் மெத்தை அடுக்கியிருப்பதால் வெளிச் சத்தம் வராது, நம் சத்தமும் போகாது. மனித குலத்துக்கு நல்லது.

கித்தாரில் கம்பிச் சத்தத்தை எடுக்கிற பிக்கப் காயில் செத்துப்போயிருந்தது. காலையில் நானே சுற்றினேன், தலைமுடி மாதிரிக் கம்பி, மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு. வேலை செய்கிறது. கூடவே போர்வெல் மோட்டார் மாதிரி ஒரு 'உம்ம்'. பஷீர் கேட்டான், "தண்ணி எப்ப வரும்?"

பெல்ட்டைத் தோளில் மாட்டினால் கித்தார் வயிற்றின் மேல் தட்டு மாதிரி படுத்துக்கொள்கிறது. இலை போட்டால் சாப்பிடலாம்.

வாசித்தோம். மோசம். எனக்கு விரல் கொப்புளம், சேகருக்குப் பஞ்சுத் தூசியில் தும்மல். தும்மும்போதெல்லாம் பல்லைக் கையால் பிடித்துக்கொண்டான். பார்க்காத மாதிரி கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பாட்டுகளுக்குப் பெயர் கிடையாது. பஷீரின் மாமு குவைத்திலிருந்து கொண்டுவந்த கேசட்டுகளில் அட்டையே இல்லை. நாங்களாக வைத்த பெயர்தான். 'கருப்பு கேசட் ரெண்டாவது', 'மாமு பாட்டு', 'கதவு சாத்தறது'. ரிசப்ஷன்களில் சினிமாப் பாட்டு வாசிப்போம். பந்தி ஆரம்பித்து மண்டபம் காலியானதும் எங்களுக்காக இதை வாசிப்போம். இந்த ஊரில் எங்கள் ஜாஸைக் கேட்டவர்கள் அத்தனை பேர் வாயிலும் அப்போது சாதம் இருந்தது. நல்லா இல்லை என்று ஒருத்தரும் சொன்னதில்லை.

ஆகஸ்ட் 2, சனி

மேகமூட்டம். கடையை மதியமே சாத்தினேன். சுமதி ஒரு பார்வை.

மகள் காவ்யாவுக்குக் காலேஜ் லீவு, அவளும் குடோனுக்கு வந்தாள். மெத்தை அடுக்கின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு போனை நோண்டினாள். நாங்கள் 'கருப்பு கேசட் ரெண்டாவது' முடித்ததும் கீழே குதித்தாள்.

"அப்பா, இத்தக் கேளு. இதான உங்க பாட்டு?"

போனில் வந்தது அதே பாட்டுதான். ஆனால் யாரோ வெந்நீரை ஊற்றிவிட்ட மாதிரி ஓடியது. சுருதியும் மேலே.

"ஒரிஜினல் இதான்பா. நீங்க ரொம்ப ஸ்லோவா வாசிக்கிறீங்க."

பஷீர் குச்சியைக் கீழே வைத்தான். "பாப்பா, நாங்க கத்துக்கினது எங்க கடை டேப்ரெக்கார்டருல. அதுல பெல்ட்டு லூசா போயி, எங்க அத்தா ரப்பர் பேண்டு போட்டு வெச்சிருந்தாரு."

சொல்லிவிட்டு அவனே நிறுத்தினான். நானும் அவனும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். ரப்பர் பேண்டு. அத்தனை வருடமும் ரப்பர் பேண்டு ஓடின வேகத்தில்தான் நாங்கள் ஜாஸ் படித்திருக்கிறோம். எத்தனை ராத்திரி அந்த டேப்பைத் திருப்பித் திருப்பிப் போட்டு, ஒவ்வொரு அடியாகப் பிடித்து. எல்லாம் தப்பான இடத்தில்.

சேகர் மட்டும் ஆச்சரியப்படவில்லை.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"கப்பல்ல மொத நாளே தெரிஞ்சிச்சி. நான் நம்ப ஸ்பீடுல ஆரம்பிச்சேன், மத்தவங்க ஓடிட்டாங்க. சிரிச்சாங்க. ராத்திரியில ஒக்காந்து மாத்திக்கினேன்."

"ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம்ல?"

"எதுக்கு? உங்களுக்கு அது நல்லாதான இருந்துச்சி." மவுத்பீஸில் கட்டுகிற ரீடைத் துடைத்தான். "எனக்கும் அதான்டா நல்லா இருந்துச்சி. அந்த ஸ்பீடுல யாரும் என் கூட வாசிக்கலயே."

காவ்யா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் கண்ணைக் காட்டினேன். அவள் கேட்டாள், பாவம், ஒழுங்காகத்தான்: "அப்ப நாளைக்கி எந்த ஸ்பீடு அங்கிள்?"

"ரப்பர் பேண்டு," என்றான் சேகர். "வேகமா ஊதுனா பல்லு உள்ள பூடும்."

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. சுமதி கலந்த சாதம் கட்டிக்கொண்டு வந்தாள். புளி, எலுமிச்சை, தயிர். பஷீர் வீட்டிலிருந்து ஒரு டபரா பிரியாணி. கேட்க வந்தவர்கள்: சுமதி, காவ்யா, பஷீரின் மனைவி, மருமகள் ரூபினா (நாளைக்குப் பிடுங்கப்போகிற அதே டாக்டர்), ஒரு லோடுமேன். அவர் மெத்தை எடுக்க வந்தவர், எடுக்காமல் உட்கார்ந்துவிட்டார்.

சுமதிக்குப் பயம், மறுபடியும் யாராவது என்னைக் கம்பால் அடித்துவிடுவார்களோ என்று. ஆக அந்தக் கதை தெருவே அறியும். நான் ஒருவன்தான் ரகசியமாக எழுதி வைத்துக்கொண்டிருக்கிறேன்.

'மாமு பாட்டு' பரவாயில்லை. 'கதவு சாத்தறது' நடுவில் நான் தொலைந்துபோனேன், பஷீர் டிரம்ஸ் கட்டையைத் தட்டித் தாளத்துக்குக் கூட்டி வந்தான். கடைசியாகக் கருப்பு கேசட்.

சேகர் மேல் உதட்டையும் உள்ளே மடித்து, பல்லே படாமல் மவுத்பீஸைப் பிடித்தான். சத்தம் மெலிசாக, காற்று கலந்து வந்தது. பழைய சத்தம் இல்லை. அந்தக் காலத்தில் அவன் ஊதினால் நாங்கள் பின்னால் ஓட வேண்டும். இன்று அவன் ஒவ்வொரு வரியும் முடித்து எங்களுக்காக நின்றான். நானும் பஷீரும் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததும் அடுத்ததை எடுத்தான். ஒரு இடத்தில் மூன்று பேரும் ஒரே அடியில் ஒன்றாக விழுந்தோம். பிறகு பிரியவே இல்லை, அப்படியே போய்க்கொண்டிருந்தது. முகம் கோணியது, தோள் வெட்டியது, யாரும் அடிக்கவில்லை. முடிக்க யாருக்கும் மனசு வரவில்லை. பஷீர்தான் கடைசியில் முடித்தான்.

லோடுமேன் சொன்னார், "நல்லாகீதுபா. தூக்கம் வர்ற மாரி." மெத்தை தூக்குகிறவர் வாயால் இதைவிடப் பெரிய வார்த்தை கிடையாது.

சேகர் கைக்குட்டையால் மவுத்பீஸைத் துடைத்தான். கைக்குட்டை சிவப்பாக இருந்தது. ரூபினா பார்த்தாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

லேசாகத் தூறல். க்ளினிக்.

"புதுப் பல்லு வெச்சதும் ஊதலாமாம்மா?" என்று ரூபினாவிடம் கேட்டான் சேகர்.

"சில பேருக்கு வருது அங்கிள். சில பேருக்குப் பல்லு பட்ற அந்த உணர்ச்சி வர்றதில்ல. இப்பவே சொல்ல முடியாது."

உள்ளே போகுமுன் சட்டைப் பையிலிருந்து மவுத்பீஸை எடுத்து என் கையில் வைத்தான். "இத்தப் புடி." ஏதோ செருப்பைக் கழற்றி விடுகிற மாதிரி.

வெளியே நானும் பஷீரும். சுவரில் பெரிய பல் படம், அதற்குக் கண் காது எல்லாம் வரைந்து சிரிக்கவைத்திருந்தார்கள். பஷீர் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான்.

ராத்திரி சேகர் பஷீர் வீட்டில் தங்கல்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வெயில் திரும்பிவிட்டது. காலையில் பஸ் ஸ்டாண்டு. பஷீருக்குக் கடையில் ஆள் இல்லை, நான் மட்டும் போனேன்.

சேகருக்கு மேல் உதடு வீங்கி, உள்ளே பஞ்சு. பேச்சு இல்லை, கை ஜாடைதான். ஜன்னல் சீட்டு பிடித்துக் கொடுத்தேன். மவுத்பீஸை நீட்டினேன். தலையை ஆட்டி என் கையை மூடிவிட்டான். அப்படியே கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். மறுபடியும் வருவேன் என்று அர்த்தமா, இனி வேண்டாம் என்று அர்த்தமா, தெரியவில்லை. கேட்டிருந்தாலும் அவனால் சொல்லியிருக்க முடியாது.

வண்டி எடுக்கப்போகிறது. கண்டக்டர் விசில். நான்தான் பேச வேண்டும். பேசினேன்.

"ஐஸ் வெச்சிக்கோ. சூடா எதையும் குடிச்சித் தொலைக்காத. மாத்திரைய மறக்காத. எறங்குனதும் உம்பொண்ண விட்டு மெசேஜ் போடச் சொல்லு."

தலையாட்டினான். பஸ் திரும்பிப் போய்விட்டது.

கடைக்கு வந்து மவுத்பீஸை மேசை டிராயரில் வைத்தேன். பிறகு எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஒரு மோட்டாரும் கட்டவில்லை.

பஸ் ஸ்டாண்டில் சொல்லாமல் விட்டது: ஊதாட்டியும் வாடா. நாயித்துக்கெழம பஸ் ஏறி வந்து, கடையில சும்மா ஒக்காந்துக்கினு இரு.