பொட்டு வைத்த இன்ஹேலர்

மாமா,

அக்காவப் பார்க்க சிதம்பரம் போறேன். சாம்பார் அடுப்பு மேல இருக்கு.

நேத்து ஆயுத பூஜையில பைக்குக்குப் பொட்டு வச்சீங்க, சரி. இன்ஹேலருக்கு, அதுவும் வாய் வைக்கிற எடத்துலயா குங்குமம்? பூஜையில வச்சத இன்னிக்குச் சாயந்திரம் வரைக்கும் தொடக்கூடாதுன்னு, மூச்சு வாங்கிக்கிட்டே என்கூட சண்டை வேற!

மருந்துக் குப்பியக் கழட்டிட்டு, பிளாஸ்டிக் கூட்ட மட்டும் கழுவிக் காயவச்சு மாட்டிட்டேன். உங்க சட்டைப் பையில இருக்கு. இழுப்பு வந்தா உடனே நல்லாக் குலுக்கி, மூச்ச வெளிய விட்டுட்டு, அழுத்தும்போதே மெதுவா உள்ள இழுங்க. பத்து எண்ணுற வரைக்கும் அடக்குங்க. அப்பவும் அடங்கலன்னா எதிர்வீட்டு ராபர்ட்டக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.

இளவரசி

சாமி முன்னாடி இன்ஹேலர் இருந்த எடத்துல டிவி ரிமோட்டுக்குப் பொட்டு வச்சு வச்சிருக்கேன். நான் வர்ற வரைக்கும் அதத் தொடக்கூடாது.