லால்ஜி சாப்பிடும்வரை

கபட்வஞ்ச்,
செவ்வாய்க்கிழமை, பிற்பகல்

சௌபாக்கியவதி ஊர்விக்கு, ஜெய் ஸ்ரீகிருஷ்ண.

நம் வீட்டுக் குழந்தைக் கண்ணன் லால்ஜியின் கருணையால் இங்கு அனைவரும் நலம் என்று தொடங்குவதே நம் வீட்டு வழக்கம். கருணை எப்போதும்போல் இருக்கிறது, நலம்தான் எங்கே என்று தெரியவில்லை. உன் அப்பா இன்று காலை உன் அண்ணன் நிகுஞ்சுடன் அகமதாபாத் போய்ச் சேர்ந்துவிட்டார். நாளைக் காலை அவருடைய நெஞ்சைத் திறக்கிறார்கள். போனில் சொன்னால் நீ அழுவாய், நான் எரிந்து விழுவேன், சொல்ல வந்தது இருவர் தொண்டையிலும் நின்றுவிடும். ஆகையால் கையால் எழுதி, இதைப் படமெடுத்து உனக்கு அனுப்பும்படி உன் அண்ணி ஜல்பாவிடம் கொடுக்கப்போகிறேன். அங்கே பனி முழங்காலளவு என்றாய். குழந்தைகளுக்குக் காதை மூடு, உன் காதையும் மூடிக்கொள், ஆனால் நான் எழுதுவதற்கு மட்டும் திறந்து வை.

என்ன சாப்பிடுகிறார் என்று டாக்டர் கேட்டபோது, லால்ஜிக்குப் படைத்த பிறகு மிஞ்சுவதைத்தான் என்றேன். மோகன்தால் இனிப்பும் நெய்யும் தினமுமா என்று அவர் திகைத்தார். லால்ஜியின் ரத்தக்குழாய்கள் பித்தளை, அவருக்கு ஒன்றும் ஆகாது, மிச்சத்தைத் தின்ற மனிதருக்குத்தான் அடைத்துக்கொண்டது என்று விளக்கினேன். நம்முடையது புஷ்டி மார்க்கம், புஷ்டி என்பது இறைவன் தானாக வந்து ஊட்டும் அருள் என்று கல்லூரியில் சக ஆசிரியைகளுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அவர்கள் நம் ஆட்களின் இடுப்பைப் பார்த்துவிட்டு வேறு பொருள் கொண்டார்கள். அது கிடக்கட்டும். இந்த அறுவைச் சிகிச்சை நடக்காமலே போகவிருந்தது, அதற்குப் பாதிக் காரணம் நீ என்பதைச் சொல்லாமல் விடமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ ஜல்பாவிடம் பேசி, அப்பா பிழைத்து வந்தால் லால்ஜிக்குத் தங்கக் கிரீடம் என்று வேண்டிக்கொள்ளச் சொன்னாய். அவள் நேர்த்திக்கடன் வைக்கும் வீட்டில் வளர்ந்தவள், மாமனார்மீது உயிரையே வைத்திருப்பவள். லால்ஜி பகல் உறக்கத்தில் இருந்த நேரத்தில் திரைக்கு வெளியே நின்று வாய்விட்டே வேண்டிக்கொண்டாள். பக்கத்து அறையில் மாலை கட்டிக்கொண்டிருந்த உன் அப்பா காதில் அது விழுந்துவிட்டது. எழுந்து வந்து, "தூங்குற குழந்தையை எழுப்பி என்னை என்ன விலைக்கும்மா கேட்டே?" என்றார். அதட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, மெதுவாகக் கேட்டார். பிறகு கட்டி வைத்திருந்த பையைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கிவிட்டு, அகமதாபாத் இல்லை என்று சொல்லிவிட்டார். சிறுவயதில் தீட்சையின்போது துளசியைக் கையில் வைத்துக்கொண்டு உடல், மனம், வீடு, பொருள் எல்லாம் உன்னுடையவை என்று லால்ஜியிடம் ஒப்படைத்தாயிற்றாம். ஒப்படைத்த பொருளை உடையவனிடமே பேரம் பேசி மீட்டு வந்த உடம்பு தனக்கு வேண்டாமாம். இந்த அடைப்போடு ஒரு நாள்கூட நிச்சயமில்லை என்று டாக்டர் எச்சரித்திருந்த மனிதர் பேசும் பேச்சு இது.

ஜல்பா அழவில்லை. அவளிடம் எனக்குப் பிடித்தது அதுதான். "கேக்கவே கூடாதுன்னா அப்புறம் சாமின்னு எதுக்கு இருக்காரு அப்பா?" என்றாள். உன் அப்பா, "நிகுஞ்ச் தொட்டில்ல கிடந்தப்போ நாங்க அவன்கிட்ட என்ன கேட்டோம்? பசிக்குதா, குளிருதான்னு கேட்டோம். அவ்வளவுதான் இவர்கிட்டயும் கேக்கலாம்" என்றார். சரி, வேண்டிக்கொண்டதைத் திருப்பி வாங்கிவிடு என்று நான் ஜல்பாவிடம் சொன்னேன். அவள் மறுத்தாள். வாங்கிய பின் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஊர்வி என்னைத்தானே சொல்வாள் என்றாள். அவள் சொன்னதில் தவறில்லை, நீ சொல்வாய். திங்கள் முழுவதும் வீட்டில் வேளாவேளைக்குச் சாப்பிட்டவர் லால்ஜி ஒருவர்தான்.

மாலையில் எனக்கு ஒன்று தோன்றியது. காரியம் முடிந்த பின் கொடுப்பதுதான் கூலி. முடிவு தெரியும் முன்பே கொடுத்துவிட்டால் அது கூலியாக முடியாது. அதோடு, சாண் உயரக் குழந்தை இந்தக் குளிரில் தங்கத்தைத் தலையில் வைத்துக்கொண்டு என்ன செய்யும், சில்லென்றுதான் இருக்கும். பஞ்சு வைத்த குல்லாய் ஒன்று தைத்துக் கொடு, இன்றைக்கே கொடு என்று ஜல்பாவிடம் சொன்னேன். அவள் தன் கல்யாணப் புடவையின் முந்தானையைக் கொண்டுவந்து, என்னைத் தடுக்கவிடாமல் கத்தரித்துவிட்டாள். அவள் இன்னும் நம் மார்க்கத்தில் துளசி தீட்சை வாங்காதவள், லால்ஜியைத் தொடக்கூடாது. ஆகையால் அணிவித்தது நான். அவள் வாசலில் நின்று, "இது அப்பாவுக்காக இல்ல லால்ஜி, குளிருக்கு. நான் கேட்டதை மறந்துடுங்க" என்றாள். குல்லாய் வழுக்கி லால்ஜியின் மூக்கில் வந்து நின்றது. பின்னால் உன் அப்பா சிரிப்பது கேட்டது. "பெரிசாப் போச்சா? இருக்கட்டும், வளர்ற பிள்ளைதானே" என்றார். நானூறு வருஷமாக வளராத பிள்ளை. பிறகு பையை எங்கே வைத்தாய் என்று என்னைக் கேட்டார், வைத்தது அவர்.

நானும் உடன் வருவதாகச் சொன்னேன். நிகுஞ்ச் போதும், நீயும் வந்தால் லால்ஜிக்கு யார் இருக்கிறார்கள் என்று என்னை இங்கேயே நிறுத்திவிட்டார். அறுவை முடியும் நேரமும் லால்ஜியின் மதியச் சாப்பாட்டு நேரமும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகின்றன. குளித்து மடியில் சமைத்துக்கொண்டிருக்கும்போது நான் போனைத் தொட முடியாது என்பது உனக்குத் தெரியும். இன்னொன்றும் உனக்குத் தெரியும், உரக்கச் சொல்லமாட்டாய், நானே எழுதிவிடுகிறேன். தீட்டு என்பது செய்தி காதில் விழுந்த கணத்திலிருந்துதான். விழுந்துவிட்டால் இந்த வீட்டில் லால்ஜிக்குச் சோறு வைக்க உரிமையுள்ள கை இருக்காது. ஆகையால், நிகுஞ்சிடமிருந்து எந்தச் செய்தி வந்தாலும், நல்லதானாலும் மற்றதானாலும், லால்ஜி சாப்பிட்டுக் கைகழுவித் திரை போடும்வரை என்னிடம் சொல்லக்கூடாது என்று ஜல்பாவிடம் சொல்லிவிட்டேன். நல்ல செய்தியைக்கூடவா என்றாள். நல்லதை மட்டும் உடனே சொல்வதென்றால், நீ சொல்லாமல் நிற்பதே எனக்குச் செய்தியாகிவிடுமே என்றேன். முகத்தைக்கூடக் காட்டாதே, சமையலறைப் பக்கமே வராதே என்றிருக்கிறேன்.

உனக்கு ஒன்றைச் சொல்கிறேன், அப்பாவிடம் சொல்லாதே. தூங்கும் குழந்தை திடுக்கிடக்கூடாதென்று கையைத் தட்டிவிட்டுத்தானே லால்ஜியின் கதவைத் திறப்போம். இன்று காலை தட்டுவதற்கு முன் வெகுநேரம் நின்றேன். திறந்ததும் என் வாய் எதையாவது கேட்டுவிடுமோ என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. கடைசியில் தட்டினேன், திறந்தேன், குளிருகிறதா என்று கேட்டேன். அதற்குமேல் கேட்கவில்லை. நாளையும் அவ்வளவுதான் கேட்பேன்.

நீயும் அங்கே வேறெந்தச் சன்னதியிலும் எதையும் முடிந்து வைக்காதே. உன் வீட்டு லால்ஜிக்குக் குடிக்கத் தண்ணீர் வை, கம்பளி போர்த்து. மாப்பிள்ளைக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள், உனக்கும் குறைவில்லாமல். நாளை இங்கே மதியச் சாப்பாடு முடியும்வரை இந்த வீட்டுக்குப் போன் செய்யாதே. மணி அடித்தால் அது அகமதாபாதா நீயா என்று யோசித்துக்கொண்டே பருப்பில் உப்பைப் போடுவேன், லால்ஜி அதைத்தான் சாப்பிட்டாக வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
வினோதினி