மஞ்சள் சீட்டை நகர்த்திய கை

மார்ச் 6, வியாழன்

காலைக் கூட்டம் பதினான்கு நிமிடத்தில் முடிந்தது. எல்லோரும் நின்றுகொண்டே பேச வேண்டும், ஆளுக்கு இரண்டு நிமிடம், மொத்தம் பதினைந்து. அணியை நடத்துகிறவள் என்ற முறையில் எனக்கு இதில் கொஞ்சம் திமிரே உண்டு. மருத்துவமனைக்காக நாங்கள் எழுதும் மென்பொருளைச் சோதனை பார்க்கிறவள் (நாங்கள் வைத்த பெயர் 'சந்தேகம்') இன்றும் இழுத்தாள். "டாக்டருங்க ஷிஃப்ட் மாறுற நேரத்துல எச்சரிக்கை யாருக்குப் போகுதுன்னு..."

"அப்புறம் பேசிக்கலாம்மா" என்று கைக்கடிகாரத்தைக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான்.

மார்ச் 7, வெள்ளி

இரண்டு வார வேலை முடிகிற நாள். மூன்று மணிக்கு மருத்துவமனைக்காரர்கள் பார்வையிட வந்தார்கள். திங்கள் முதல் அவர்களிடம் இந்த மென்பொருள் ஓட வேண்டும். சுவர்ப் பலகையில் இருபத்திரண்டு சீட்டுகள் 'முடிந்தது' பக்கம் போய்விட்டன. 'சோதனையில்' என்ற பத்தியில் ஒரே ஒரு மஞ்சள் சீட்டு: ரத்தப் பரிசோதனையில் ஆபத்தான முடிவு வந்தால் மருத்துவரின் கைபேசிக்கு எச்சரிக்கை அனுப்புவது. சந்தேகம் சாப்பிடப் போயிருந்தாள். எப்படியும் முடித்திருப்பாள் என்று நானே எடுத்து மாற்றி ஒட்டினேன். வந்தவர்கள் கைதட்டினார்கள்.

மார்ச் 19, புதன்

மருத்துவமனையிலிருந்து தொலைபேசி. நேற்றுக் காலை எட்டு மணி எச்சரிக்கை, பணி முடிந்து கிளம்பிவிட்ட மருத்துவருக்குப் போயிருக்கிறது. அவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். ஏழு மணி நேரம் யாரும் பார்க்கவில்லை. நாற்பத்தொரு வயதுப் பெண். போய்விட்டாள்.

ஐயோ. நான் என்ன பண்ணிட்டேன்?

மார்ச் 20

எங்கள் நிறுவன இயக்குநர் எல்லோரையும் உட்காரவைத்து விசாரித்தார். வெள்ளி மாலை பலகையில் இருப்பதைப் பார்த்துக் கணினியில் ஏற்றுவது சந்தேகத்தின் வேலை. அப்படியே ஏற்றியிருக்கிறாள். ஆகவே பதிவில் அவள் பெயர். ஒட்டுச்சீட்டை யார் தொட்டார்கள் என்பதற்கு ஏது பதிவு?

"நான்தான் சார் மறதியா நகர்த்தியிருப்பேன். சாப்பிடப் போற அவசரம்..."

தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்கிறாள். நான் குனிந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 21

காலைக் கூட்டத்தில் ஆளாளுக்கு "முடிஞ்சுது, முடிஞ்சுது" என்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்தப் பெண். முகம் தெரியாது. முகமில்லாமலே வந்து வட்டத்தில் நிற்கிறாள், எனக்கும் சந்தேகத்துக்கும் நடுவில், தன் முறை வரட்டும் என்று. ஒன்பது நிமிடத்தில் முடித்துவிட்டு ஓடிவந்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "அவளே ஒத்துக்கிட்டா. சும்மா போற ஓணானைப் பிடிச்சு மடியில விட்டுக்காதே."

ஓணான் ஏற்கெனவே மடியில்தான் இருக்கிறது. அவருக்குத்தான் தெரியவில்லை.

மார்ச் 25

அவளை வேலையிலிருந்து எடுக்கிறார்கள். இந்த வெள்ளியோடு சரி. மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அக்கா, அன்னைக்கு நான் பலகைகிட்ட போனேனா? ஞாபகமே வர மாட்டேங்குது. என் கையை என்னாலயே நம்ப முடியல."

நீ போகலடி. நான்தான் போனேன். வாய்வரை வந்துவிட்டது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் நழுவினேன். சீ, நானும் ஒரு மனுஷியா?

மார்ச் 26

சொல்லிவிட்டேன். முதலில் அவளிடம். பிறகு இயக்குநரிடம், எழுத்தில்.

அவள் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆறு நாளாக்கா" என்றாள்.

ஏப்ரல் 11, வெள்ளி

மருத்துவமனையில் விசாரணை. என் வேலை போனபின்பு நான் நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு வெளியே வந்தது இன்றுதான். இறந்தவரின் தம்பியும் வந்திருந்தார். கத்துவார் என்று பயந்தேன். மெதுவாகத்தான் கேட்டார்.

"அன்னைக்கு அப்படி என்னம்மா அவசரம்?"

பலகை, பார்வையிட வந்தவர்கள், இருபத்திமூன்றில் ஒன்று மட்டும் பாக்கி என்று எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அந்த ஒண்ணை அங்கேயே விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?"

யோசித்துப் பார்த்தேன்.

"ஒண்ணும் ஆயிருக்காதுங்க. அடுத்த வாரம் முடிச்சிருப்போம்."

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்.