போனில் சொல்லாத பருத்தி

உங்களுக்கு,

நல்லபடியாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நிலம் சும்மாதான் கிடக்கிறது என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தேனே, அது பொய். வாயால் சொல்லத் தைரியமில்லாமல் எழுதுகிறேன். போன வருஷம் காயெல்லாம் புழு விழுந்து போனபோது, "இனிமே இந்த வீட்டுல பருத்தின்னு யாரும் பேசக்கூடாது" என்று சொல்லிவிட்டு நீங்கள் லாரி ஓட்டப் போனீர்கள். இந்த வருஷம் முதல் மழைக்கே நான் விதை ஊன்றிவிட்டேன்.

குழிக்கு இரண்டு விதை. முளைத்ததும் நோஞ்சானைப் பிடுங்கினேன். பூ விட்டதிலிருந்து ஒவ்வொரு பூவாகப் பிரித்துப் புழு பார்த்தேன்.

நுனி கிள்ளப் போன அன்றுதான் நம் கல்யாண வருஷம் ஞாபகம் வந்துவிட்டது. அந்த வருஷம் நான் கிள்ளக் கிள்ளப் பின்னாலேயே வந்து, "தளதளன்னு நிக்கிற செடியைக் கிள்ளுறியே, உனக்கு மனசே இல்லையா?" என்று கத்தினீர்கள்.

"மேல போறதை நிறுத்தினாத்தாங்க பக்கத்துல கிளைக்கும்."

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. கிளைத்துக் காய் பிடித்த பிறகு, அது உங்கள் யோசனை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள். இந்த வருஷம் திட்ட ஆளில்லாமல் கிள்ளினேன். கையே ஓடவில்லை.

முதல் எடுப்பு முடிந்தது. பஞ்சு வெள்ளைவெளேரென்று முன்னறையில் ஜன்னல் வரை குவிந்திருக்கிறது. உங்கள் கட்டில் அதற்குள்தான் எங்கேயோ இருக்கிறது.

இரண்டாவது எடுப்புக்கு வெடித்து நிற்கிறது. இன்னும் ஆள் கூப்பிடவில்லை. வெடித்த பருத்தி செடியில் எத்தனை நாள் காத்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இப்படிக்கு,
பொய் சொன்ன உங்கள் வீட்டுக்காரி