நாற்காலியும் கதவும்

மார்ச் 3
இருபத்திரண்டு வருடம் ஓவிய ஆசிரியனாகக் குப்பை கொட்டிவிட்டு, 'டிப்டிக்' என்ற சொல்லுக்கு இன்றுதான் பொருள் தெரிந்துகொண்டேன். அதுவும் காட்சிக்கூடத்தின் கழிவறையில் ஒளிந்துகொண்டு, கைப்பேசியில். கூடத்து முதலாளியம்மா, "நீங்களும் உங்க மச்சினியும் சேர்ந்து ஒரு டிப்டிக் பண்ணுங்களேன்" என்றபோது, "அதுக்கென்ன, நிறைய பண்ணியிருக்கேன்" என்று அளந்துவிட்டேன். இரண்டு பலகை, நடுவே கீல், புத்தகம் போல மடியும். இதற்கா இத்தனை மிடுக்கான பெயர்?

மார்ச் 19
ஒரே அறை, இரண்டு பாதி. இடப்பலகையில் என் நாற்காலி. வலப்பலகையில் மச்சினியின் பாதி திறந்த கதவு. அவள் தூரிகை பிடித்து நாலு வருடம்தான். கதவிடுக்கில் வெளிச்சம் கசிகிறது - எப்படிக் கொண்டுவந்தாள்? செத்தாலும் கேட்கமாட்டேன்.

ஏப்ரல் 2
கண்காட்சி தொடங்கியது; அவள் பாதி கூடத்தின் வலது மூலையில் அமைந்தது. யார் பாதியின் முன் அதிகம் பேர் நிற்கிறார்களோ அவருக்குத் தனிக் கண்காட்சியாம். காவலாளி நோட்டில் கோடு போடுகிறார். எனக்கு ஒன்பது. அவளுக்கு ஐம்பத்தாறு. ஒன்பதில் ஒன்று நான். வெயிலில் வந்தவர்கள் நேரே அவள் கதவுக்குப் போய், கண்ணை மூடிச் சொக்கி நிற்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டா படம் பார்ப்பார்கள்?

ஏப்ரல் 3
மனைவியிடம் புலம்பினேன். "நாற்காலியப் பாத்தா உக்காரத்தான் தோணும், நிக்கவா தோணும்?" என்றாள். தங்கையை விட்டுக்கொடுப்பாளா?

ஏப்ரல் 5
செய்துவிட்டேன். காலையில் காவலாளி டீ குடிக்கப் போன நேரம், கீலைக் கழற்றிப் பலகைகளை இடம் மாற்றிப் பூட்டிவிட்டேன். மதியம் மச்சினி வந்தாள்.
"என்ன அத்தான், என் கதவு இப்ப சுவத்தப் பாத்துத் தொறக்குது?"
"அப்பதான் ஒரு ஆழம் வருது."
மண்ணாங்கட்டி ஆழம். அவள் இரண்டடி பின்னால் போய்ப் பார்த்துவிட்டு, "ஆமா, உங்க நாற்காலி இப்பதான் எடுப்பா இருக்கு" என்றாள். நாலு வார்த்தை திட்டித் தொலைத்திருக்கலாம்.

ஏப்ரல் 6
எனக்கு அறுபத்தொன்று. அவளுக்கு ஏழு.

ஏப்ரல் 20
தனிக் கண்காட்சி எனக்கே. முதலில் வாழ்த்தியவள் மச்சினிதான். அப்படியும் விருந்தில் இரண்டு தட்டு சாப்பிட்டேன். வெட்கம்கெட்ட வயிறு.

மே 11
என் கண்காட்சி. ராசியான அதே வலது மூலையில் என் ஆகச் சிறந்த படத்தை மாட்டியிருந்தேன். ஒருவரும் நிற்கவில்லை. மச்சினி மட்டும் கழுத்து வியர்வையைத் துடைத்துத் துடைத்து, பத்து நிமிடம் நின்று பார்த்தாள்.
"ஏன் இங்க இப்படி வேகுது?" என்று காவலாளியைக் கேட்டேன்.
"இந்த மூலை ஏசி போய் நாலு நாளாச்சு சார். அது ஓடுனவரைக்கும் ஜனம் இங்கயேதான் நிக்கும்."