குரல் கொடுக்கும்வரை

கார்த்திகை 3, செவ்வாய்

பத்து மணி வரை மூடுபனி. எதிரே இருக்கும் பலாமரம் தெரியவில்லை. எடை பார்க்கும் நாள். அங்கன்வாடியில் பதினோரு பிள்ளைகளும் வந்தன. சின்னப்பன் மகன் மறுபடியும் எடை குறைந்திருக்கிறான். நாம் கொடுக்கும் சத்துமாவை வீட்டில் யார் தின்கிறார்கள் என்று கேட்க வேண்டும். கேட்டால் சண்டைதான். கேட்கத்தான் போகிறேன்.

மறக்கக் கூடாதவை:
எடையைப் போனில் ஏற்ற. (பாறை மேல் போனால்தான் டவர்.)
முட்டை ஜீப் திங்களா, புதனா?
தீபத்துக்கு அகல் ஆறு.
வீட்டுக்காரர் நீலச் சட்டைக்குப் பொத்தான்.

பொத்தான் தைத்து என்ன பயன். காலையில் துவைத்துக் கொடியில் போட்ட சட்டை மதியம் வந்து பார்த்தால் இல்லை. ஈரத்தோடு சுருட்டி அரிசி மூட்டைக்குப் பின்னால் கிடக்கிறது. கேட்டேன்.

"கொடியில என் துணிய போடாத மல்லி. கொடியில கீற சட்டைய எண்ணித்தான் உள்ள எத்தினி ஆளுன்னு கணக்கு போடுவானுங்க."

"யாருங்க? இங்க யாருங்க வர்றா எண்ண?"

மூட்டையை இன்னும் சுவரோடு தள்ளினார். ஒரு மாத விசாவில் மலேசியா போய் ஏழு வருஷம் இருந்துவிட்டு வந்த மனுஷன். பர்மிட்டு வாங்கித் தருகிறேன் என்ற ஏஜெண்டு காணாமல் போனான். இவர் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குள் ஒளிந்தார். கடைசியில் பிடித்து மூன்று மாதம் முகாமில் போட்டு, வெள்ளைக் காகிதம் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். வந்து இரண்டு மாதம் ஆகிறது. வந்தார் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் ஃபாரஸ்ட் ஜீப் போனது. கருப்பன் குரைக்கவில்லை. ஜீப் என்றால் வளைவு வரை துரத்தும் நாய். கட்டிலுக்கு அடியில் போய்க் காதை மடக்கிப் படுத்துக்கொண்டது.


கார்த்திகை 5, வியாழன்

தூறல். சாமையைக் குதிரில் கொட்டியாயிற்று. பாதிக்கு மேல் வந்தது. போன வருஷத்தைவிட மேல்.

குழம்பு தாளிக்கக் கூடாதாம். கடுகு வாசம் தூரம் போகுமாம். அந்த ஊரில் அந்த வாசத்தை வைத்தே 'இங்கே தமிழாள் இருக்கிறான்' என்று வந்துவிடுவார்களாம். இரண்டு மாதமாய்த் தாளிக்காத குழம்பு தின்கிறோம். இன்று வேண்டுமென்றே தாளித்தேன். எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் குழம்போடு சேர்த்துத் தின்றேன்.

மதியம் தூங்கும்போது பார்த்தேன். காலில் செருப்பு.

குழாயடியில் குப்பு அக்கா: "இன்னாடி, உன் வூட்டுக்காரரு எப்பத்தான் வர்றாராம்?"

"வந்து ரெண்டு மாசம் ஆச்சேக்கா."

"அடி போடி! எதிர் வூட்ல கீறேன், என் கண்ணுல படாமயா?"

சத்தியம் பண்ணியும் நம்பவில்லை. நடுவில் முப்பது அடிகூட இல்லை, அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும்.


கார்த்திகை 6, வெள்ளி

பாறை மேல் எடை ஏற்றப் போனேன். ஏற்றி முடிக்கும்போது போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"அக்கா, நான் ஒடுகத்தூர்ல இருந்து சேட்டு சம்சாரம் பேசறேன். அண்ணன் வந்துட்டாருன்னு ஜீப்ல ஒருத்தரு சொன்னாரு. நெசமாக்கா? எங்க வூட்டுக்காரரும் அண்ணன்கூடத்தான் ஒரே தோட்டத்துல இருந்தாரு. அஞ்சு மாசமா போனே இல்லக்கா. இன்னா ஆச்சுன்னு அண்ணன ஒரு வார்த்த கேட்டு..."

"அவரு இன்னும் வரலியேம்மா" என்றேன்.

வாய் கூசாமல் வந்தது. ஏன் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. ஜீப்காரர் ஆளை மாற்றிச் சொல்லியிருப்பார் என்று வேறு சேர்த்துக்கொண்டேன். அந்தப் பெண் "சரிக்கா" என்றாள். நன்றிகூடச் சொன்னாள்.

வீட்டில் இதைச் சொல்லவில்லை. சேட்டு என்ற பெயரை இதுவரை அவர் வாயால் கேட்டதில்லை. தன் பெயரையே சொல்லாதவர்.

யோசித்தால் அந்தப் பெயரை இந்த வீட்டில் யாருமே சொல்வதில்லை. நானும் படிவத்தில் எழுதுவேனே தவிர வாயால் சொன்னதில்லை. புருஷன் பெயரைச் சொல்லும் வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. மகள் வெண்ணிலாவுக்கு அவர் அப்பா. நாய்க்கு அதுவும் இல்லை.


கார்த்திகை 9, திங்கள்

இதை இன்றே எழுதிவிட வேண்டும். நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

வெயில். பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டுத் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனேன். உதவியாளர் இடம் காலி, எல்லாம் நான்தான். மதிய இடைவேளை, பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து வெண்ணிலா வந்திருந்தாள். பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனேன். கால் மணி நேரம் இருக்காது. திரும்பும்போது முட்டை ஜீப் எதிரே இறங்கி வருகிறது.

"இன்னா டீச்சர், இன்னிக்கி லீவா? ஒரு புள்ளகூட இல்லியே. கூப்ட்டு கூப்ட்டு பாத்துட்டு வர்றேன்."

ஓடினேன். வாசலில் செருப்பு ஒன்றுகூட இல்லை. கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே தட்டுகள் கழுவிக் கவிழ்த்து அடுக்கியிருக்கின்றன, பிள்ளைகள் சாப்பிட்ட அடையாளமே இல்லாமல். மூன்று வயதுப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் ஒரு இருமல் இல்லை, ஒரு மூக்கு உறிஞ்சல் இல்லை.

மாவு மூட்டைகளுக்கு நடுவில் ஒரு கட்டைவிரலைப் பார்த்தேன். சின்னப்பன் மகனுடையது. பாயைத் தூக்கினால் அடியில் மூன்று பேர், மேலே பார்த்த கண் பார்த்தபடி. "எழுந்திருங்கடா" என்கிறேன், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன், ஒன்றும் அசையவில்லை. சிரிக்கக்கூட இல்லை. செருப்பை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்போது பின்கதவு வழியாக என் மகள் வந்தாள். நடுவில் நின்று, தன் பெயரையே கத்தினாள்.

"வெண்ணிலா!"

ஒவ்வொரு தலையாக எழுந்தது. மூட்டைக்குப் பின்னால், பீரோ இடுக்கில், எடை மெஷின் சாக்குக்குள். பதினோரு பிள்ளைகள். பிறகுதான் சத்தமே வந்தது.

"அப்பா சொல்லிக் குட்த்த வெளயாட்டும்மா. வண்டி சத்தம் கேட்டா எல்லாரும் இல்லாம போய்டணும். காவலுக்குப் போன ஆளு தன் பேர கத்துனாத்தான் வெளிய வரணும். வேற யாரு கூப்ட்டாலும் வரக்கூடாது. நீ கூப்ட்டாகூட."

ஏழு வருஷம் போனில் குரலாக மட்டும் இருந்த அப்பா. வந்து மகளுக்குக் கொடுத்தது இது ஒன்றுதான். அவளுக்கோ அவ்வளவு சந்தோஷம்.


கார்த்திகை 10, செவ்வாய்

மறுபடி பனி. காலையிலேயே கேட்டுவிட்டேன். சத்தம் போட்டுத்தான் கேட்டேன். வெளிச்சத்தில் உட்காருங்கள், எனக்குப் பதில் சொல்லுங்கள் என்று கையைப் பிடித்து உட்கார வைத்தேன். கை மரக்கட்டை மாதிரி இருந்தது.

முதலில் வேறெதையோ சொன்னார். பேப்பர் இல்லாத ஆளுக்கு அங்கே கோசோங் என்று பெயராம். காலி என்று அர்த்தமாம். "எத்தினி பேருடான்னு கேப்பான். நாலு பர்மிட்டு, நாலு கோசோங்கும்பான் மேஸ்திரி. அந்த நாலுல நான் ஒண்ணு." பிறகு வந்தது.

விடிகாலையில் சோதனைக்கு வருவார்களாம். அதனால் கூலிகள் தங்கும் லயன் வீட்டில் படுக்காமல் செம்பனை மரங்களுக்கு நடுவில், வெட்டிப் போட்ட மட்டைகளுக்கு அடியில் படுப்பார்களாம், செருப்போடு. நான்கு பேர். தினம் ஒருவர் முறை வைத்து ரோடு வரை போய்ப் பார்த்து, ஆபத்து இல்லை என்றால் தன் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும். அது வரை உயிரே போனாலும் மற்ற மூன்று பேர் எழக் கூடாது. அன்றைக்கு இவர் முறை. அந்த மூன்று பேரில் சேட்டுவுக்குக் காய்ச்சல், உடம்பு தூக்கிப் போட்டதாம். இவர் ரோட்டில் ஏறியதும் நேராகச் சோதனைக்கு வந்த லாரிக்காரர்கள் கையில் மாட்டிக்கொண்டார்.

"உன் பேரு இன்னான்னு கேட்டான் மல்லி. வாயத் தெறக்கல. கத்துனா அவுங்க மூணு பேரும் எழுந்து வந்துடுவாங்க. அடிச்சான். அப்பவும் சொல்லல. அப்பிடியே ஏத்தினு போய்ட்டான்."

"நல்லதுதானே பண்ணீங்க?"

"யாரும் இன்னும் குரல் குடுக்கலியே. அவுங்க இன்னும் படுத்துனுதான் இருப்பாங்க."

அஞ்சு மாசம் ஆச்சுங்க, எழுந்து போயிருப்பாங்க என்றேன். என்னைப் பாவமாகப் பார்த்தார். விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பது போல.

சேட்டு மனைவி போன் பண்ணியதைச் சொல்ல வாய் எடுத்தேன். சொல்லவில்லை. பயம். அவருக்காகவா எனக்காகவா, தெரியவில்லை.


கார்த்திகை 12, வியாழன்

நாளைக்கு அங்கன்வாடி வாசலில் ரேஷன் கார்டு முகாம். ஆள் ஊரில் இல்லை என்று கார்டில் அவர் பெயரை எடுத்து மூன்று வருஷம் ஆகிறது. நேரில் வந்து பெயர் சொல்லி, மெஷினில் விரல் வைத்தால் திரும்பச் சேர்ப்பார்கள். இதை விட்டால் திருப்பத்தூர் வரை அலைய வேண்டும். அவர் எங்கே அலைவது. "வர்றேன்" என்றார். நீலச் சட்டைக்குப் பொத்தான் தைத்தேன். கார்டில் ஏறிவிட்டால் மனுஷன் வீட்டுக்குள்ளும் ஏறிவிடுவார் என்று ஒரு நப்பாசை.


கார்த்திகை 13, வெள்ளி

எழுத்து கோணல்.

பதினோரு மணிக்கு ஜீப் வந்தது. வி.ஏ.ஓ.வும் மெஷின் பையனும். சட்டை போட்டு என் பக்கத்தில் நின்றிருந்தவர், ஜீப் வளைவு திரும்பிய நொடியில் இல்லை. ஓடியதைக்கூடப் பார்க்கவில்லை. நின்ற இடத்தில் மண்ணைக் காலால் கலைத்த தடம்.

மற்றவர்களுக்கு எல்லாம் முடிந்தது. "உன் வூட்டுக்காரரு எங்கம்மா? இருக்காரா, இல்லியா?" என்று வி.ஏ.ஓ. கேட்கிறார். இருக்காருங்க என்கிறேன். ஊரே என்னைப் பார்க்கிறது. குப்பு அக்கா உதட்டைப் பிதுக்குகிறாள். அப்போதுதான் உறைத்தது, வெண்ணிலாவையும் வெகுநேரமாகக் காணோம்.

கூப்பிட்டேன். பிறகு கத்தினேன். பிறகு எல்லாரும் தேடினார்கள். பள்ளிக்கூடம், மாட்டுக்கொட்டகை, கிணறு. கிணற்றுக்குள் இரண்டு தடவை எட்டிப் பார்த்தேன். கூப்பிட்டால் வர மாட்டாள் என்பது ஞாபகம் வந்தது. காவலுக்குப் போன ஆள் பெயர்தான் வேண்டும், இன்று போனவர் அவர். வாழ்நாளில் முதல்முறையாக அவர் பெயரை நானே கத்தினேன். காளியப்பன், காளியப்பன் என்று ஊர் நடுவில் நின்று. ஒன்றும் வரவில்லை. குரல் வேறு ஆயிற்றே.

பலாமரத்துக்குப் பின்னாலிருந்து வந்தார். ஜீப்புக்குப் பத்தடி தூரம். நான் அந்த மரத்தை மூன்று தடவை சுற்றியிருக்கிறேன்.

"கொழந்த எங்க?"

"தெரியலீங்க. நீங்க குரல் குடுக்கணும். நீங்கதான் குடுக்கணும்."

ஜீப்பைப் பார்த்தார். காக்கிப் பேண்ட்டு டிரைவரைப் பார்த்தார். வாய் திறந்தது, காற்றுதான் வந்தது. இரண்டாவது தடவையும் காற்றுதான். மூன்றாவது தடவை கத்தினார்.

"காளியப்பன்!"

அங்கன்வாடிக்குள்ளிருந்து பிள்ளைகள் ஒவ்வொன்றாக எழுந்து ஜன்னலுக்கு வந்தன. அங்கே அத்தனை பேர் ஒளிந்திருந்ததே எங்களுக்குத் தெரியாது. எங்கள் வீட்டுக் குதிருக்குள் பலகை தட்டும் சத்தம். ஓடிப்போய் மூடியைத் தள்ளினேன். இடுப்பு வரை சாமைக்குள் புதைந்திருந்தாள். உதடு வெளுத்துப் போய், தலையெல்லாம் சாமை. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால். எழுத மாட்டேன்.

"ரொம்ப நேரம் ஆச்சேப்பா" என்றாள் அவரிடம். அவ்வளவுதான் சொன்னாள்.

அவர் அவளைத் தூக்கி வைத்துக்கொண்டே மெஷினில் விரல் வைத்தார். மட்டை வெட்டி வெட்டித் தேய்ந்த விரல். நாலாவது தடவை எடுத்தது. "இவ்ளோ நேரம் எங்கய்யா இருந்த?" என்றார் வி.ஏ.ஓ. இவர் பலாமரத்தைக் காட்டினார்.


கார்த்திகை 14, சனி

வெயில். கொடியில் நீலச் சட்டை. நான் போடவில்லை, அவரே போட்டிருக்கிறார்.

காலையில் காட்டு ஓரம் போய் நின்று தன் பெயரைக் கத்தினார். கத்திவிட்டு நின்றார். மறுபடி. மூன்று தடவை, மூன்று பேருக்கு. தொண்டை கட்டிவிட்டது. காட்டைப் பார்த்தபடியே நின்றார், யாரோ எழுந்து வர நேரம் கொடுப்பது போல. வெண்ணிலாவும் பக்கத்தில் நின்றாள். ஒருவரும் வரவில்லை. நான் ஏன் எட்டிப் பார்த்தேன்?

பாறைக்குப் போய் சேட்டு மனைவி நம்பருக்குப் போட்டேன். அவர் வந்துட்டாரும்மா, வந்து ரெண்டு மாசம் ஆச்சு என்று சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை. "நாளைக்கு வர்றேன்" என்றாள்.

அவரிடமும் சொல்லிவிட்டேன், நான் சொன்ன பொய் உட்பட. "வரட்டும்" என்றார்.


கார்த்திகை 15, ஞாயிறு

பனி இல்லை. குழம்பு தாளித்தேன். அவர் எழுந்து போகவில்லை. தட்டு நாலு எடுத்து வைத்தேன். அந்தப் பெண் பசியோடு வருவாள்.

ஜீப் சத்தம். கீழ் வளைவில் இருக்கிறது. கருப்பன் குரைக்கிறது. எத்தனை நாள் ஆயிற்று அது குரைத்து.

அவர் வாசலில்தான் நிற்கிறார், வெயிலில், சட்டை போட்டு. அசையவில்லை. வெண்ணிலா அவர் கையைப் பிடித்திருக்கிறாள். ஜீப் நின்றுவிட்டது. "அக்கா" என்று அந்தப் பெண் கூப்பிடுகிறாள். என்னைத்தான்.

இதைக் குதிருக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். எப்போது வந்தேன் என்று தெரியவில்லை. செருப்பு என் மடியில் இருக்கிறது.