உன் மெஷினில் நுழையாத கார்டுகள்

நேற்று மத்தியானம் என் கடை டிவியில் உன் கம்பெனியின் சின்னம் எழுந்து வந்தது. அதே பச்சை, அதே உருண்டை. உன் ஷட்டர் முழுக்க வரைந்து வைத்திருந்தாயே, அதேதான். ஆனால் டிவிக்குக் கீழே இருந்தது நீலக் கம்பெனியின் வீடியோ கேம் மெஷின், என்னுடையது. லீவுக்கு வந்திருந்த காலேஜ் பையன் ஒருவன் புதிதாக ஒரு கேமை இறக்கியிருந்தான். பச்சைக்காரன் செய்த கேம் நீலக்காரன் மெஷினில் ஒரு தகராறும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"இது எப்டிப்பா இதுல வருது?" என்று கேட்டேன்.

"இப்பல்லாம் இதுலயும் வருதுண்ணா. அவங்களே குடுக்கறாங்க" என்றான், தலையைத் திருப்பாமல்.

உடனே உன்னைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது. கை போனுக்குப் போய்விட்டது. உன் நம்பர் இன்னும் அதில் இருக்கிறது, நீதான் இல்லை. அதனால் எழுதுகிறேன். செத்துப்போனவனுக்கு எழுதும்போது நல்லதை மட்டும் எழுதுவார்கள். எனக்கு அது வரவில்லை. நீ எனக்குச் செய்தது துரோகம். நீ போய்ச் சேர்ந்துவிட்டதால் அதற்கு வேறு பெயர் வந்துவிடாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மற்றதைப் பேசலாம்.

இந்தக் கம்பெனிச் சண்டை நம்மைப் பிடித்தது பள்ளிக்கூட நாளிலேயே அல்லவா? அப்போது மோதிக்கொண்டவை வேறு இரண்டு ஜப்பான் கம்பெனிகள். திண்டிவனத்தில் உன் மாமா வீட்டில் ஒரு மெஷின் இருந்தது. அதில் விளையாடிவிட்டு வந்த நாளிலிருந்து நீ அந்தச் சின்னக் கம்பெனிக்கு ரசிகனானாய். நான் பெரிய கம்பெனியின் பக்கம். நம் இருவர் வீட்டிலும் எதுவும் கிடையாது, ஆனாலும் வகுப்பில் பெஞ்சு மாறி உட்காருகிற அளவுக்குச் சண்டை போட்டோம். பிறகு ஒரு நாள் உன்னுடைய அந்தச் சின்னக் கம்பெனி மெஷின் செய்வதையே நிறுத்திவிட்டது, இனிமேல் எதிரியின் மெஷினுக்கு கேம் செய்து கொடுக்கப் போகிறது என்று சேதி வந்தது. செட்டிக்குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தோம். எனக்குக் கிண்டல் செய்ய வாய் துறுதுறுத்தது. உன் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன்.

"தோத்துட்டா மரியாதியா வூட்டுக்குப் போவணும்டா" என்றாய். "எதிரி மெஷினுக்கு கேம் செஞ்சு குடுக்கறவன் தோத்தவன் இல்ல. காட்டிக் குடுத்தவன்."

அந்த வயதில் எனக்கு அது பெரிய பேச்சாகத் தெரிந்தது. காட்டிக் கொடுப்பது என்றால் உனக்கு ஆகவே ஆகாது என்று நம்பினேன்.

பிறகு செஞ்சியில் நாம் இருவரும் சேர்ந்து கேம் கடை திறந்தோம். மார்க்கெட் கமிட்டிக்குப் போகிற தெருவில் மாடியறை, கீழே வேர்க்கடலை மண்டி. மல்லாட்டைத் தோல் தூசி படியேறி வந்து மெஷினுக்குள் புகுந்துவிடும். "மல்லாட்ட தின்ற மெஷின் செஞ்சியிலதான்டா இருக்குது" என்று சொல்லிக்கொண்டே நீ தினமும் காலையில் பெயின்ட் பிரஷ்ஷால் அதைத் துடைப்பாய். எல்லாமே நீல மெஷின்கள். மணிக்கணக்கில் வாடகைக்கு விளையாட வரும் பையன்களில் பாதிப்பேர் வல்லத்திலிருந்தும் தளவானூரிலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்கள். அவர்களுக்காகத்தான் அந்த கார்டு டப்பா யோசனையை நீ கொண்டுவந்தாய்.

இன்றைய பையன்களுக்கு அது புரியாது. அந்த மெஷினுக்குத் தானாக எதுவும் நினைவிருக்காது. எதுவரை ஆடினோம், எதை ஜெயித்தோம் என்பதெல்லாம் தீப்பெட்டி அளவுகூட இல்லாத ஒரு கறுப்பு கார்டில்தான் பதியும். கார்டு இல்லையென்றால் முதலிலிருந்து ஆட வேண்டியதுதான். மற்ற ஊர்க் கடைகளில் எல்லாருக்கும் பொதுவாக ஒரே கார்டு. ஒருவன் சேர்த்ததை அடுத்தவன் அழித்துவிடுவான், சட்டை கிழியும். நீதான் ஆளுக்கு ஒரு கார்டு என்று வாங்க வைத்தாய். பிளாஸ்திரியை வெட்டி ஒட்டி அதில் பெயர் எழுதி, எவர்சில்வர் டப்பாவில் அடுக்கி, கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தாய். உனக்கும் எனக்கும்கூட அதில் கார்டு உண்டு. பையன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவன் கார்டு உன் கையில் தயாராக இருக்கும். சுவரில் நீல பெயின்ட்டால் பெரிதாக எழுதினாய்: அடுத்தவன் கார்டைத் தொடாதே.

"தொடாதீர்கள்னு மரியாதையா எழுதேன்டா" என்றேன்.

"மரியாதியா எழுதனா தொடுவானுங்க" என்றாய்.

நம் கடைக்குக் கூட்டம் வந்ததற்கு மெஷின் காரணமில்லை. அந்த டப்பாதான் காரணம். தளவானூர் ஏழுமலையை நினைத்துப் பார். ஞாயிறு தவறாமல் வந்து, கார் ரேஸில் ஜெயித்து ஜெயித்து ஒரு கராஜ் நிறைய வண்டி சேர்த்து வைத்திருந்தான். அவன் கார்டை அவன் வீட்டில்கூட வைத்துக்கொள்ளவில்லை. நம்மிடம் நம்பிக் கொடுத்திருந்தான்.

அந்த நேரத்தில்தான் அமெரிக்காக்காரனின் பச்சை மெஷின் நம் பக்கம் வந்தது. புதுச்சேரியிலிருந்து ஒரு மொத்த வியாபாரி படியேறி வந்தார். மெஷினைத் தவணைக்குத் தருகிறேன், போர்டும் போட்டுத் தருகிறேன், ஆனால் கடையில் நீலம் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்றார். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாய். "ரெண்டு பேரு சேர்ந்து தொறந்த கடை சார். மாத்துனா ரெண்டு பேரும் மாத்துவோம், இல்லன்னா ரெண்டு பேரும் மாத்த மாட்டோம்" என்று நீ சொன்னதை நான் பக்கத்திலேயே நின்று கேட்டேன். பெருமையாக இருந்தது.

அடுத்த மாதம் நைனாவுக்குக் கண் ஆப்பரேஷன். பெற்ற பிள்ளை நான்தான் புதுச்சேரியில் அவர்கூடத் தங்க வேண்டியிருந்தது. பஸ் ஸ்டாண்டு வரை வந்து பையைத் தூக்கி மேலே வைத்தாய். "நைனாவ பாத்துக்கோ, கடைய நான் பாத்துக்கறேன்" என்றாய். அந்த வாக்கியத்தை நான் எத்தனையோ விதமாகப் புரட்டிப் பார்த்துவிட்டேன். அப்போதே எல்லாம் முடிவாகிவிட்டதா, இல்லை நான் போன பிறகு மனது மாறியதா? பதில் சொல்லாமலேயே போய்விட்டாய்.

திரும்பி வந்த அன்று நைனாவை ஜன்னலோரம் உட்கார வைத்திருந்தேன். பஸ் ஊருக்குள் திரும்பியபோது நம் கடைக்கு நேர் எதிரே ஒரு பச்சை போர்டு தெரிந்தது. ஏணி மேல் ஒருவன் நின்று சீரியல் லைட் கட்டிக்கொண்டிருந்தான். அவன் முதுகைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நைனாவுக்குக் கறுப்புக் கண்ணாடி, ஒன்றும் தெரியவில்லை. "இன்னாடா, பேச்சக் காணோம்?" என்றார். "ஒண்ணுமில்ல நைனா, ஊரு வந்துட்டுது" என்றேன்.

அவரை வீட்டில் விட்டுவிட்டு உன் ஏணிக்குக் கீழே வந்து நின்றேன். டீக்கடைக்காரர், பூக்காரம்மா, மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். ஊருக்கே தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

"இன்னாடா இது?"

"பொழப்புடா" என்றாய், மேலேயிருந்தே.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லியிருந்தா நீ வுட்டுருப்பியா?"

மாடிக்குப் போனேன். மெஷின்கள் வைத்த இடத்தில் இருந்தன. கல்லாவைக்கூட நீ தொடவில்லை. கார்டு டப்பா மட்டும் இல்லை. மறுபடி இறங்கி வந்தேன்.

"டப்பா எங்கடா?"

"பசங்க எங்கூட வரானுங்க. அவனுங்க சாமான் எங்கூட வருது."

"உன் மெஷின்ல அது நுழையவே நுழையாதுடா."

நீ அடுத்த முடிச்சைப் போட்டாய். லைட்டைக் கட்டி முடித்துவிட்டுத்தான் இறங்கினாய்.

அவசரத்தில் செய்த முட்டாள்தனம் என்றுதான் முதலில் நினைத்தேன். நீல கார்டு பச்சை மெஷினில் போகாது. அது உனக்குப் பாரம், எனக்குத்தான் உயிர். எப்படியும் திருப்பிக் கொடுத்துவிடுவாய் என்று காத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஏழுமலை வந்தான். "அண்ணா, என் கார்டு?" என்றான். இல்லை என்றேன். "என் வண்டிங்கண்ணா?" என்றான். எதிர்க் கடையின் பச்சை போர்டைப் பார்த்தான். முதலிலிருந்துதான் ஆட வேண்டுமென்றால் புது மெஷினிலேயே ஆடலாமே என்று அவனுக்குத் தோன்றியிருக்கும். செருப்பை மாட்டிக்கொண்டு உன் கடைக்குப் போனான். ஒவ்வொருவனாக அப்படித்தான் போனார்கள். அப்போதுதான் உன் கணக்கு எனக்குப் புரிந்தது. அந்த கார்டுகள் உனக்குப் பயன்பட வேண்டியதே இல்லை. எனக்குப் பயன்படாமல் இருந்தால் போதும்.

கோபத்தைவிட அவமானம்தான் பெரிதாக இருந்தது. டப்பாவை எடுத்துப்போனது வேறு யாராகவாவது இருந்தால் போலீசுக்குப் போயிருப்பேன். உன்மேல் என்னவென்று எழுதிக் கொடுப்பது?

பிற்பாடு யோசித்தபோது, பெரிய கம்பெனிகள் காலங்காலமாகச் செய்வதும் இதைத்தான் என்று தெரிந்தது. யார் மெஷினில் படம் தெளிவு, யார் மெஷின் வேகம் என்பதெல்லாம் போஸ்டருக்கு. உள்ளே நடப்பது வேறு. "நீ சேர்த்ததெல்லாம் என் வீட்டில் இருக்கிறது, போவதென்றால் வெறுங்கையோடு போ." அவ்வளவுதான் அவர்கள் சண்டை. கோட் போட்டுக்கொண்டு செய்கிறவர்களிடமிருந்து நீ கைலி கட்டிக்கொண்டு கற்றுக்கொண்டாய்.

அதற்குப் பிறகு தெருவே இரண்டாகப் பிரிந்தது. புது கேம் வருகிற அன்று நீ பிரியாணிப் பொட்டலம் கொடுத்தாய், நான் கலர் சோடா கொடுத்தேன். நீலம் என்றும் பச்சை என்றும் தேர்தல் மாதிரி கோஷம் போட்டார்கள். கரண்ட் போனால் மட்டும் இரண்டு கடைப் பையன்களும் கீழே இறங்கி, ஒரே டீக்கடை பெஞ்சில் தோள்மேல் கை போட்டு உட்காருவார்கள். நீ உன் படியில், நான் என் படியில். நாம் இருவர்தான் பேசிக்கொள்ளவில்லை.

கடைசியில் உன் பச்சையும் ஜெயிக்கவில்லை, என் நீலமும் ஜெயிக்கவில்லை. எல்லார் கைக்கும் போன் வந்தது. இரண்டு கடையும் ஈ ஓட்டின. நான் மெஷின்களை மூலையில் தள்ளிவிட்டு போன் ரிப்பேருக்கு மாறினேன், பிற்பாடு வந்த புது நீல மெஷின் ஒன்றை மட்டும் டிவிக்குக் கீழே வைத்துக்கொண்டேன். நீ ஷட்டரை இறக்கிவிட்டுச் சென்னைக்குக் குடும்பத்தோடு போனாய். காமாலை என்றார்கள், முற்றிவிட்டது என்றார்கள், ஒரு நாள் ஆம்புலன்சில் ஊருக்கு வந்து சேர்ந்தாய். நான் வந்தேன். மாலை போட்டேன். அழுகை வந்தது, மறைக்கவில்லை. ஆனால் மன்னித்துவிட்டதால் வந்த அழுகை இல்லை. கேட்க வேண்டியதை இனிமேல் கேட்க முடியாதே என்று வந்தது.

கருமாதி அன்று உன் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டு அந்த டப்பாவைக் கொடுத்தாள்.

"வூடு மாத்தறப்பல்லாம் இத மட்டும் அவரே தூக்கினு வருவாருண்ணா. இன்னான்னு கேட்டா, பசங்க சாமான்னுவாரு."

திறந்தேன். எல்லா கார்டும் வரிசையாக இருந்தன. பழைய பிளாஸ்திரி உரிந்த இடத்தில் புதிது ஒட்டி, உன் கையெழுத்தில் மறுபடி பெயர் எழுதியிருந்தாய். பூச்சி அரிக்காமலிருக்கப் பாச்சை உருண்டை வேறு. உன் மனைவி அதைப் பாசம் என்று நினைத்துக் கண் கலங்கினாள். அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன். எனக்கு அங்கேதான் இன்னொரு முறை குத்தியது. தூக்கிப் போட்டிருந்தால்கூட, மதிப்புத் தெரியாமல் செய்தவன் என்று உன்னை விட்டிருப்பேன். நீ மதிப்புத் தெரிந்தவன். தெரிந்தே எடுத்துப்போனாய், தெரிந்தே வைத்திருந்தாய், எதிர்க் கடையில் நான் ஈ ஓட்டியபோது தெரு தாண்டிக் கொண்டுவந்து கொடுக்க மட்டும் உனக்கு மனம் வரவில்லை.

பழைய பையன்களுக்கெல்லாம் சொல்லியனுப்பினேன். ஒவ்வொருவராக வந்து வாங்கிப் போனார்கள். ஏழுமலை இப்போது வல்லத்தில் டிராக்டர் ஓட்டுகிறான். அவனுக்காகப் பழைய நீல மெஷினைத் தூசி தட்டி மாட்டினேன். கார்டைச் செருகினான். கராஜ் திறந்தது. "எல்லா வண்டியும் அப்டியே இருக்குதுண்ணா" என்றான். ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தான், ரேஸுக்குப் போகவில்லை. கிளம்பும்போது, "அந்தண்ணன் ஏன்ணா அப்டி பண்ணாரு?" என்று கேட்டான். தெரியலப்பா என்றேன்.

நேற்று பச்சைச் சின்னத்தைப் பார்த்தபோது எனக்கு நினைவு வந்தது செட்டிக்குளத்துப் படிதான். நீ யாருக்காக என்னை விட்டுப் போனாயோ, அந்தப் பச்சைக்காரனே இப்போது இந்தப் பக்கம் வந்து கடை விரித்துவிட்டான். உன்னைக் கேட்டுக்கொண்டா வந்தான்? காட்டிக் கொடுத்தவன் என்று நீ வைத்த பெயரை அவனுக்குச் சொல்லவும் நீ இல்லை. உன் கம்பெனி உனக்குச் செய்ததைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. உனக்காகக் கோபம் வந்தது. அந்தக் கோபம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

என் கார்டை நான் எடுத்துக்கொண்ட பிறகு, டப்பாவில் கடைசியாக மிஞ்சியது உன் கார்டு மட்டும்தான். கேட்டு வர ஆளில்லை. அதில் நாம் இருவரும் ஒரே அணியாக ஆடிக்கொண்டிருந்த ஃபுட்பால் சீசன் இருக்கிறது. நான் புதுச்சேரி பஸ் ஏறுவதற்கு முந்தின நாள் ஆடியது, பாதியில் நிற்கிறது. நேற்றிலிருந்து அந்த கார்டு என் சட்டைப் பையில். பழைய மெஷினும் மேஜைமேல்தான் இருக்கிறது, செருகினால் ஓடும். கையில் எடுத்துவிட்டேன். சுவரைப் பார்த்தேன். எத்தனை முறை வெள்ளை அடித்தும் உன் நீல எழுத்து உள்ளிருந்து தெரிகிறது. கார்டைச் செருகாமல் திரும்பப் பையில் போட்டுக்கொண்டேன். இந்தக் கடையில் அடுத்தவன் கார்டைத் தொட்டவன் நீ ஒருவன்தான். அது அப்படியே இருக்கட்டும்.